கெத்தேவான் அரசியின் எச்சங்கள் மீதான மரபணு ஆய்வு

கெத்தேவான் அரசியின் எச்சங்கள் மீதான மரபணு ஆய்வு என்பது, இந்தியாவின் கோவா மாநிலத்தில் பழைய கோவாவிலுள்ள புனித அகுஸ்தீன் மடத்தின் இடிபாடுகளில் கண்டெடுக்கப்பட்ட மனித எலும்பு ஒன்று, 1624 ஆம் ஆண்டில் கொல்லப்பட்ட ஜார்ஜிய அரசி கெத்தேவானுடையதா என்பதை அறிய மேற்கொள்ளப்பட்ட தொல் டி.என்.ஏ ஆய்வு ஆகும். ஐதராபாத்தில் உள்ள உயிரணு மற்றும் மூலக்கூற்று உயிரியல் மையம், இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறையுடன் இணைந்து இதனை நடத்தியது. எலும்பிலிருந்து பெறப்பட்ட இழைமணி டி.என்.ஏ, இந்தியாவில் காணப்படாததும் ஜார்ஜியாவிலும் அதன் அண்டைப் பகுதிகளிலும் காணப்படுவதுமான யு1பி என்னும் தாய்வழி மரபுக் குழுவைச் சேர்ந்தது என்று தெரியவந்தது. இதன் அடிப்படையில், அந்த எலும்பு கெத்தேவானுடையதாக இருக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தனர். ஆய்வறிக்கை 2014 ஆம் ஆண்டில் மைட்டோகாண்டிரியான் என்னும் அறிவியல் இதழில் வெளியானது.

அரச குடும்பத்தினரின் எச்சங்களை மரபணு வழியாக அடையாளம் காணும் முயற்சிகள் உலகின் பல நாடுகளில் நடைபெற்றுள்ளன. வெப்பமும் ஈரமும் மிகுந்த இந்திய மண்ணில் கிடைத்த எலும்பைக் கொண்டு அவ்வகை முயற்சியில் பயன் கண்ட மிகச் சில ஆய்வுகளுள் இதுவும் ஒன்றாகும்.

கெத்தேவான் அரசி

கெத்தேவான் ஏறத்தாழ 1560 ஆம் ஆண்டில், ஜார்ஜியாவை நெடுங்காலம் ஆண்ட பக்ராத்தியோனி மரபின் முக்ரானிக் கிளையில் பிறந்தார். அவருடைய தந்தை முக்ரானி இளவரசர் அசோத்தான் ஆவார். அக்காலத்தில் ஜார்ஜியா ஒரே நாடாக இல்லாமல் பல சிற்றரசுகளாகப் பிரிந்து கிடந்தது. அவற்றுள் கிழக்கே அமைந்திருந்த கக்கேத்தி அரசின் இளவரசர் தாவீதுவைக் கெத்தேவான் மணந்தார். தாவீது 1601 இல் அரியணை ஏறினார். ஆயினும் மறு ஆண்டே இறந்துவிட்டார். இவர்களுடைய மகன் தெய்முராசு 1589 இல் பிறந்தவர்.

மேற்கே உதுமானியப் பேரரசுக்கும் தெற்கே பாரசீகத்தின் சபாவித்துப் பேரரசுக்கும் இடையே சிக்கியிருந்ததே கக்கேத்தி அரசின் முதன்மையான இடர்ப்பாடாகும். 1605 இல், பாரசீக அரசவையில் வளர்ந்து இசுலாத்தைத் தழுவியிருந்த கான்ஸ்டன்டைன் என்பவர், தம் தந்தையான மன்னர் இரண்டாம் அலெக்சாந்தரையும் உடன்பிறந்தார் ஒருவரையும் கொன்று ஆட்சியைக் கைப்பற்றினார். இவர் கெத்தேவானின் கணவருக்கும் உடன்பிறந்தவர். கணவரை இழந்திருந்த கெத்தேவான் கக்கேத்தியின் உயர்குடியினரைத் திரட்டிக் கிளர்ச்சி செய்தார். அக்கிளர்ச்சியில் கான்ஸ்டன்டைன் கொல்லப்பட்டார். பின்னர்க் கெத்தேவான் பாரசீகப் பேரரசர் முதலாம் ஷா அப்பாசுடன் பேச்சு நடத்தி, தம் மகன் தெய்முராசை அரசராக ஏற்கச் செய்தார். மகன் இளையவராக இருந்தமையால் சிலகாலம் அவருக்காக ஆட்சிப் பொறுப்பையும் கவனித்துவந்தார்.

இந்த உடன்பாடு நீடிக்கவில்லை. 1614 இல் ஷா அப்பாசு கக்கேத்தி மீது படையெடுக்க முனைந்தபோது, அதனைத் தடுக்கும் நோக்குடன் தெய்முராசு தம் தாயைத் தூதராகவும் பிணையாகவும் பாரசீகத்துக்கு அனுப்பினார். தெய்முராசின் இரு புதல்வர்களும் பிணையாக ஒப்படைக்கப்பட்டனர். ஆயினும் படையெடுப்பு நிகழ்ந்தது. கக்கேத்தி மக்களுள் பெருந்தொகையினர் கொல்லப்பட்டனர். பலர் பாரசீகத்துக்குக் குடிபெயர்க்கப்பட்டனர். பிணையாக இருந்த பேரன்மார் இருவரும் ஆண்மை நீக்கப்பட்டனர். கெத்தேவான் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் சீராசு நகரில் காவலில் வைக்கப்பட்டிருந்தார். மதம் மாறுமாறு விடுக்கப்பட்ட ஆணையை ஏற்க மறுத்ததால், 1624 ஆம் ஆண்டு செப்டம்பர் 13 ஆம் நாள், பழுக்கக் காய்ச்சிய இடுக்கிகளால் துன்புறுத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். ஜார்ஜிய மரபுவழித் திருச்சபை இவரைப் புனிதராக அறிவித்தது.

எச்சங்கள் கோவாவை அடைந்தமை

சீராசு நகரில் அக்காலத்தில் போர்த்துக்கீசிய அகுஸ்தீன் சபைத் துறவிகள் சமயப்பணி ஆற்றிவந்தனர். அரசியின் இறுதி நாட்களைப் பற்றிய குறிப்புகளை எழுதி வைத்தவர்களும் இவர்களே. இவர்கள் அரசியின் உடலை அடக்கம் செய்யப்பட்ட இடத்திலிருந்து மறைவாக எடுத்துப் பாதுகாத்தனர். பின்னர் எச்சங்களின் ஒரு பகுதி ஜார்ஜியாவுக்குக் கொண்டு செல்லப்பட்டு மகன் தெய்முராசிடம் ஒப்படைக்கப்பட்டது. அது கக்கேத்தியிலுள்ள அலாவெர்தி பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. மற்றொரு பகுதியை 1627 இல் இரு துறவிகள் கோவாவுக்குக் கொண்டுவந்து தம் சபையின் மடத்தில் வைத்தனர்.

கோவாவுக்கு வந்த பகுதி அரசியின் வலது கை எனப்படுகிறது. போர்த்துக்கீசிய ஆவணங்களின்படி, அது கருங்கல் பேழை ஒன்றில் இடப்பட்டு, மடத்தின் பேரவைச் சிற்றாலயத்தில் இரண்டாவது சாளரத்தின் அருகே வைக்கப்பட்டது. இடத்தை இவ்வளவு நுணுக்கமாகக் குறித்துவைத்த இந்தச் சிறு செய்தியே, ஏறத்தாழ 380 ஆண்டுகளுக்குப் பின்னர் எலும்பைக் கண்டெடுக்கத் துணைநின்றது.

புனித அகுஸ்தீன் மடம்

அகுஸ்தீன் சபைத் துறவிகள் 1572 இல் கோவாவுக்கு வந்தனர். பழைய கோவாவில் மோந்தே சாந்தோ (புனிதக் குன்று) எனப்படும் மேட்டில் தம் மடத்தை அமைத்தனர். அதனையொட்டிய அருள் அன்னை தேவாலயம் 1597 க்கும் 1602 க்கும் இடையில் கட்டப்பட்டது. செம்புராங்கற்களால் கட்டப்பட்ட இதன் மணிக்கூண்டு ஏறத்தாழ 46 மீட்டர் உயரம் உடையது.

1835 இல் போர்த்துக்கீசிய அரசு துறவற சபைகளைக் கலைத்ததனால் மடம் கைவிடப்பட்டது. 1842 இல் தேவாலயத்தின் வளைகூரை இடிந்து விழுந்தது. 1871 இல் மணிக்கூண்டின் பெரிய மணி பணஜியிலுள்ள அமலோற்பவ அன்னை தேவாலயத்துக்கு மாற்றப்பட்டது. 1931 இல் முகப்பும் மணிக்கூண்டின் ஒரு பாதியும் சரிந்தன. இன்று எஞ்சி நிற்பது மணிக்கூண்டின் ஒரு பகுதியும் சுவர்களின் அடிப்பகுதிகளும் மட்டுமே. கோவாவின் தேவாலயங்களும் மடங்களும் 1986 இல் யுனெசுகோவின் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டன.

கூரையும் சுவர்களும் சரிந்து, இடிபாடுகளின் மேல் செடிகொடிகள் வளர்ந்துவிட்டதனால், பேரவைச் சிற்றாலயம் எங்கே இருந்தது, அதன் இரண்டாவது சாளரம் எது என்பதை அறிவதே முதல் சிக்கலாக இருந்தது.

தேடலும் அகழாய்வும்

ஜார்ஜியர்களுக்குக் கெத்தேவான் ஒரு தேசியத் தலைவியாகவும் புனிதராகவும் விளங்குபவர். சோவியத் ஒன்றியத்தின் இறுதிக் காலத்தில், 1980களின் பிற்பகுதி முதலே ஜார்ஜிய அறிஞர் குழுக்கள் கோவாவுக்கு வந்து எச்சங்களைத் தேடின. தொடக்ககால முயற்சிகளில் பயன் கிட்டவில்லை.

பின்னர் இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறையின் கோவா வட்டம் மடத்தின் வளாகத்தில் முறையான அகழாய்வுகளை நடத்தியது. தொல்லியலாளர் நிசாமுதீன் தாகிர் இப்பணியில் முதன்மையான பங்காற்றினார். போர்த்துக்கீசிய ஆவணங்களில் காணப்பட்ட விவரங்கள், அகழாய்வில் வெளிப்பட்ட சுவர் அமைப்புகளுடன் ஒப்பிடப்பட்டன. இவ்வாறு பேரவைச் சிற்றாலயமும் அதன் சாளரங்களின் இடமும் உறுதி செய்யப்பட்டன. 2004 ஆம் ஆண்டில் ஆவணங்கள் குறிப்பிட்ட இடத்தை ஒட்டிக் கையைச் சேர்ந்த நீண்ட எலும்பு ஒன்று உடைந்த நிலையில் கிடைத்தது.

இடம் பொருந்தியது, எலும்பின் வகையும் பொருந்தியது. ஆயினும் மடத்தின் நிலத்தில் துறவிகளும் செல்வந்தர்களும் அலுவலர்களும் பல தலைமுறைகளாக அடக்கம் செய்யப்பட்டு வந்தனர். கூரை சரிந்தபோது பொருட்கள் இடம் பெயர்ந்திருக்கவும் கூடும். எனவே தொல்லியல் சான்று மட்டும் கொண்டு எலும்பு இன்னாருடையது என்று கூற இயலாத நிலை இருந்தது. இதனால் எலும்பு மரபணு ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டது.

மரபணு ஆய்வு

ஆய்வுக் குழு

ஆய்வு ஐதராபாத்திலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூற்று உயிரியல் மையத்தில் நடைபெற்றது. தமிழ்நாட்டைச் சேர்ந்த மரபணுவியலாளர் குமாரசாமி தங்கராசு ஆய்வை வழிநடத்தினார். நீரஜ் ராய், ஞானேசுவர் சௌபே, நிசாமுதீன் தாகிர் ஆகியோரும், இந்தியாவில் டி.என்.ஏ கைரேகைத் தொழில்நுட்பத்தின் முன்னோடியான லால்ஜி சிங்கும் (1947 – 2017) அறிக்கையின் ஆசிரியர்களுள் அடங்குவர்.

தொல் டி.என்.ஏவின் இயல்பு

உயிருள்ள உடலில் டி.என்.ஏ சிதைந்தால் உயிரணு அதனை உடனுக்குடன் சீர்செய்துகொள்கிறது. இறப்புக்குப் பின் இச்செயல் நின்றுவிடுகிறது. நீர், வெப்பம், மண்ணின் அமிலத்தன்மை, நுண்ணுயிர்கள் ஆகியவற்றால் நீண்ட டி.என்.ஏ இழைகள் சிறு துண்டுகளாக முறிகின்றன. குளிர்ந்த, வறண்ட இடங்களில் இம்முறிவு மெதுவாகவும் வெப்பமண்டலத்தில் விரைவாகவும் நடைபெறும். ஆகையால் சைபீரியாவின் உறைமண்ணில் பல்லாயிரம் ஆண்டு பழமையான எலும்புகளில் கிடைக்கும் தரமான டி.என்.ஏ, இந்தியக் கடற்கரையில் சில நூறு ஆண்டு பழமையான எலும்பில்கூடக் கிடைப்பது அரிது.

மற்றொரு சிக்கல் கலப்படம் ஆகும். எலும்பைத் தொட்ட அகழாய்வாளர், ஆய்வாளர் ஆகியோரின் தோல், உமிழ்நீர் ஆகியவற்றிலுள்ள புதிய டி.என்.ஏ, பழைய டி.என்.ஏவைவிடப் பல மடங்கு மிகுதியாக இருக்கக்கூடும். எனவே இத்தகைய ஆய்வுகளில் பொதுவாகப் பின்வரும் நடைமுறைகள் கையாளப்படுகின்றன.

* ஆய்வுகள் தனித்து ஒதுக்கப்பட்ட தூய்மையான அறையில், முழு உடலையும் மறைக்கும் உடை அணிந்து செய்யப்படும்.
* எலும்பின் மேற்பரப்பு சுரண்டி நீக்கப்பட்டு, புற ஊதாக் கதிர்களுக்கு உட்படுத்தப்படும்.
* உட்பகுதி பொடியாக்கப்பட்டு, அதிலுள்ள கால்சியமும் புரதமும் வேதிமுறையில் நீக்கப்பட்டு டி.என்.ஏ பிரிக்கப்படும்.
* எலும்பு எதுவும் இடப்படாத வெற்று மாதிரியும் அதே முறையில் ஆராயப்படும். அதில் டி.என்.ஏ தென்பட்டால் கலப்படம் நேர்ந்துள்ளது என்று பொருள்.
* ஆய்வில் ஈடுபட்டோரின் டி.என்.ஏ வரிசையும் அறியப்பட்டு, கிடைத்த முடிவுடன் ஒப்பிடப்படும்.
* ஆய்வு ஒன்றுக்கு மேற்பட்ட முறை மீண்டும் செய்யப்பட்டு, முடிவுகள் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கப்படும்.

இழைமணி டி.என்.ஏ

மனித உயிரணுவில் இரு இடங்களில் டி.என்.ஏ உள்ளது. உட்கருவில் உள்ள டி.என்.ஏ தாய், தந்தை இருவரிடமிருந்தும் வருவது. உயிரணுவுக்கு ஆற்றல் வழங்கும் இழைமணிகளில் உள்ள டி.என்.ஏ தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வருவது. இது 16,569 இணைகளைக் கொண்ட சிறிய வளையம் ஆகும். ஓர் உயிரணுவில் உட்கரு டி.என்.ஏ இரண்டு படிகளே இருக்க, இழைமணி டி.என்.ஏ நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ இருக்கும். எனவே பெரும்பகுதி சிதைந்துவிட்ட எலும்பிலும் அது எஞ்சியிருக்கும் வாய்ப்பு மிகுதி. இதனாலேயே கோவா எலும்பின் ஆய்வுக்கு இழைமணி டி.என்.ஏ தேர்ந்தெடுக்கப்பட்டது.

இழைமணி டி.என்.ஏவில் தலைமுறைகளின் ஊடே அரிதாகத் தோன்றும் மாற்றங்கள் அப்படியே வழிவழியாகக் கடத்தப்படுகின்றன. ஒரே மாற்றங்களைக் கொண்டவர்கள் பழங்காலத்தில் வாழ்ந்த ஒரு பொதுத் தாயின் வழிவந்தவர்கள் ஆவர். இத்தகைய கூட்டம் ஆப்லோ குழு அல்லது மரபுக் குழு எனப்படும். ஒவ்வொரு குழுவும் ஆங்கில எழுத்தாலும் எண்ணாலும் குறிக்கப்படுகிறது. தெற்காசியாவில் எம் என்னும் குழுவும் அதன் கிளைகளும் மிகப் பரவலாக உள்ளன.

முடிவுகள்

கோவா எலும்பின் இழைமணி டி.என்.ஏ யு1பி என்னும் உட்குழுவைச் சேர்ந்தது என்று கண்டறியப்பட்டது. யு1 குழுவின் வேறொரு கிளை இந்தியாவில் அரிதாகக் காணப்படுவதால், பெருங்குழுவை மட்டும் அறிவது போதுமானதாக இருக்கவில்லை. உட்குழு வரை சென்று அறியவேண்டியிருந்தது.

அடுத்த கட்டமாக, இந்தியத் துணைக்கண்டத்தைச் சேர்ந்த 22,000 க்கும் மேற்பட்டோரின் இழைமணி டி.என்.ஏ விவரங்களுடன் இம்முடிவு ஒப்பிடப்பட்டது. அவர்களுள் எவரிடமும் யு1பி காணப்படவில்லை. மாறாக, ஆராயப்பட்ட ஜார்ஜியர்கள் 30 பேரில் இருவரிடம் இக்குழு காணப்பட்டது. எனவே எலும்புக்குரியவரின் தாய்வழி இந்தியாவைச் சேர்ந்தது அன்று என்பதும், காக்கேசியப் பகுதியுடன் தொடர்புடையது என்பதும் வலுப்பெற்றன.

முடிவின் வலிமையும் வரம்பும்

இவ்வாய்வின் முடிவு பெரும்பாலும் "எலும்பு கெத்தேவானுடையது என மெய்ப்பிக்கப்பட்டது" என்று சுருக்கிக் கூறப்படுகிறது. ஆய்வறிக்கை அவ்வளவு தூரம் செல்லவில்லை. இழைமணி டி.என்.ஏ ஒருவரின் தாய்வழியைக் காட்டுமே அன்றி ஆளை அடையாளம் காட்டுவதில்லை. யு1பி குழுவைச் சேர்ந்த எந்த மனிதரின் எலும்பும் இதே முடிவைத் தந்திருக்கும். ஆளை உறுதியாகக் கூறவேண்டுமாயின், கெத்தேவானின் தாய்வழி உறவினர் ஒருவரின் எச்சமோ, அவ்வழியில் இடையறாது வந்த வாரிசு ஒருவரோ ஒப்பீட்டுக்குத் தேவை.

எனினும் மூன்று தனித்தனிச் சான்றுகள் ஒரே திசையைக் காட்டுகின்றன. முதலாவது, அரசியின் கை கோவா மடத்தில் குறிப்பிட்ட சாளரத்தின் அருகே வைக்கப்பட்டது என்னும் எழுத்துச் சான்று. இரண்டாவது, அதே இடத்தில் கை எலும்பு கிடைத்தது என்னும் தொல்லியல் சான்று. மூன்றாவது, அவ்வெலும்பின் தாய்வழி இந்தியாவில் இல்லாததும் ஜார்ஜியாவில் உள்ளதுமான வழி என்னும் மரபணுச் சான்று. 17 ஆம் நூற்றாண்டுக் கோவாவில் இம்மூன்றும் பொருந்தும் வேறொருவர் இருந்திருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆய்வாளர்களின் "இருக்கக்கூடும்" என்னும் சொல்லின் வலிமை இந்த ஒருங்கிணைவிலிருந்து வருவதாகும்.

மேலும் ஒரு வரம்பு கருதத்தக்கது. கெத்தேவான் பிறந்த பக்ராத்தியோனி மரபு தந்தைவழியாக எண்ணப்படுவது. இழைமணி டி.என்.ஏவோ அவருடைய தாய், தாயின் தாய் என்று செல்வது. எனவே கோவா எலும்பு பக்ராத்தியோனி அரச மரபைப் பற்றி எதுவும் கூறுவதில்லை. தந்தைவழியைக் காட்டும் ஒய் நிறப்புரி பெண்களிடம் இல்லாததால், அரசியின் எலும்பிலிருந்து அதனை நேரடியாக அறியவும் இயலாது.

பிற நாட்டு அரச மரபினர் மீதான ஆய்வுகள்

கோவா ஆய்வின் இடத்தைப் புரிந்துகொள்ளப் பின்வரும் ஆய்வுகளுடன் அதனை ஒப்பிடலாம்.

உருசியப் பேரரசர் குடும்பம்: 1918 இல் கொல்லப்பட்ட உருசியப் பேரரசர் இரண்டாம் நிக்கலாசு குடும்பத்தினரின் எச்சங்கள் 1991 இல் எக்கத்தரீன்பூர்க் நகருக்கு அருகே தோண்டி எடுக்கப்பட்டன. பேரரசியின் தாய்வழி உறவினரான பிரித்தானிய இளவரசர் பிலிப்பின் இழைமணி டி.என்.ஏ, பேரரசி மற்றும் அவருடைய மூன்று மகள்களின் டி.என்.ஏவுடன் ஒத்திருந்தது. காணாமற்போயிருந்த இரு பிள்ளைகளின் எச்சங்கள் 2007 இல் கிடைத்தன. இங்கு உயிரோடிருக்கும் உறவினர் கிடைத்தமையால் முடிவு உறுதியானதாக அமைந்தது.

இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டு: 1485 இல் போரில் இறந்த இம்மன்னரின் எலும்புக்கூடு 2012 இல் லெசுட்டர் நகரின் ஊர்தி நிறுத்துமிடம் ஒன்றின் அடியில் கண்டெடுக்கப்பட்டது. மன்னரின் தமக்கையின் தாய்வழி வந்தோருடன் இழைமணி டி.என்.ஏ ஒத்திருந்தது. ஆனால் ஆவணங்களின்படி தந்தைவழி உறவினராக வேண்டியவர்களுடன் ஒய் நிறப்புரி ஒத்திருக்கவில்லை. இடைப்பட்ட ஏதோ ஒரு தலைமுறையில், ஏட்டில் தந்தையாகக் குறிக்கப்பட்டவர் உண்மைத் தந்தை அல்லர் என்பதே இதன் பொருள்.

மங்கோலிய உயர்குடியினர்: செங்கிசுக்கானின் கல்லறை இதுவரை கண்டறியப்படவில்லை. ஆகையால் அவர் மரபைப் பற்றிய கூற்றுகள் யாவும் மறைமுகமானவை. 2003 இல் வெளியான ஓர் ஆய்வு, பழைய மங்கோலியப் பேரரசின் பரப்பில் வாழும் ஆண்களுள் ஏறத்தாழ 8 விழுக்காட்டினர் நெருங்கிய தொடர்புடைய ஒரே தந்தைவழியைக் கொண்டுள்ளனர் என்று கண்டு, அது செங்கிசுக்கானின் வழியாகலாம் என்று முன்மொழிந்தது. ஆயின் 2016 இல், கிழக்கு மங்கோலியாவில் தவான் தோல்கோய் என்னுமிடத்தில் பொன் அணிகலன்களுடன் அடக்கம் செய்யப்பட்டிருந்த மங்கோலியப் பேரரசுக் கால உயர்குடியினரின் எலும்புகள் ஆராயப்பட்டபோது, ஆண்களின் தந்தைவழி ஆர்1பி என்னும் வேறொரு குழுவைச் சேர்ந்ததாக இருந்தது. அவர்கள் செங்கிசுக்கானின் குடும்பத்தினராக இருக்கலாம் என்று அவ்வாய்வு கருதுகிறது. இரு கருத்துகளும் ஒருங்கே உண்மையாதல் அரிது. ஐயத்துக்கு இடமற்ற ஒரு செங்கிசுக்கான் வழி எலும்பு கிடைக்கும் வரை இதற்கு முடிவு காண இயலாது. கெத்தேவானின் நிலையில், எலும்பு எங்கே இருக்கிறது என்று கூறும் எழுத்துச் சான்று முன்பே இருந்தது. மங்கோலியர் நிலையில் அத்தகைய எழுத்துச் சான்று இல்லை.

இந்தியாவில் தொல் டி.என்.ஏ ஆய்வுகள்

கோவா ஆய்வுக்குப் பின்னர் இந்தியாவில் இத்துறை விரிவடைந்தது. இமயமலையில் ஏறத்தாழ 5,000 மீட்டர் உயரத்திலுள்ள ரூப்குண்டம் ஏரியில் சிதறிக்கிடந்த எலும்புகள், நந்தாதேவி வழிபாட்டுக்குச் சென்ற கன்னோசி அரசர் ஒருவரின் பரிவாரத்தினருடையவை என்பது மலைவாழ் மக்களிடையே வழங்கும் கதை. 2019 இல் வெளியான ஆய்வில் 38 பேரின் எலும்புகள் ஆராயப்பட்டன. அவர்களுள் 23 பேர் தெற்காசிய வழியினர். 14 பேர் கிழக்கு நடுநிலக்கடல் பகுதி மக்களை ஒத்தவர்கள். ஒருவர் தென்கிழக்காசிய வழியினர். முதற் பிரிவினர் பொ.ஊ. 800 ஐ ஒட்டியும், ஏனையோர் 1800 ஐ ஒட்டியும் இறந்தவர்கள். ஒரே பரிவாரம் ஒரே நாளில் அழிந்தது என்னும் கதை இதனால் பொருந்தாததாயிற்று. தங்கராசும் நீரஜ் ராயும் இவ்வாய்விலும் பங்கு பெற்றனர்.

அரியானா மாநிலம் ராகிகடியில் சிந்துவெளி நாகரிகக் காலக் கல்லறைகளிலிருந்து எடுக்கப்பட்ட அறுபதுக்கும் மேற்பட்ட எலும்பு மாதிரிகள் சோதிக்கப்பட்டு, ஒரே ஒரு பெண்ணின் மரபணுத்தொகுதி மட்டுமே பெறப்பட்டு 2019 இல் வெளியிடப்பட்டது. இந்திய மண்ணில் டி.என்.ஏ எஞ்சுவது எத்துணை அரிது என்பதற்கு இதுவே போதிய சான்றாகும்.

தமிழ்நாட்டில் சிவகங்கை மாவட்டம் கீழடிக்கு அருகிலுள்ள கொந்தகை, தூத்துக்குடி மாவட்டம் ஆதிச்சநல்லூர் ஆகிய இடங்களில் முதுமக்கள் தாழிகளில் மனித எலும்புகள் கிடைத்துள்ளன. கொந்தகை எலும்புகளின் மரபணு ஆய்வில் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் ஈடுபட்டுள்ளது. புதுக்கோட்டை மாவட்டமும் கல்வட்டங்கள், கற்பதுக்கைகள், தாழிகள் போன்ற பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் நிறைந்த பகுதியாகும். வல்லத்திராக்கோட்டை போன்ற ஊர்களைக் கொண்ட இம்மாவட்டத்தில், கோவாவைப் போன்றே செம்புராங்கல் நிலம் பல இடங்களில் காணப்படுகிறது. இத்தகைய அமிலத்தன்மை கொண்ட மண்ணில் எலும்புகள் விரைவில் கரைந்துவிடுகின்றன. கோவா எலும்பு நேரடியாக மண்ணில் புதைக்கப்படாமல் கட்டடத்தினுள் பேழையில் வைக்கப்பட்டிருந்தது அதற்கு ஓரளவு பாதுகாப்பாக அமைந்திருக்கலாம். ஈமச்சின்னங்களைத் தோண்டும்போது எலும்புகளை வெறுங்கையால் தொடாமலும் நீரால் கழுவாமலும் எடுத்து வைப்பது பிற்கால மரபணு ஆய்வுக்கு இன்றியமையாதது.

ஜார்ஜியாவிடம் ஒப்படைத்தல்

மரபணு ஆய்வு முடிவு வெளியானதைத் தொடர்ந்து, எச்சங்களைத் தம்மிடம் ஒப்படைக்குமாறு ஜார்ஜியா கேட்டுக்கொண்டது. 2017 செப்டம்பரில் எச்சங்கள் காட்சிக்காக ஆறு மாத காலத்துக்கு ஜார்ஜியாவுக்கு அனுப்பப்பட்டன. பொதுமக்கள் வழிபாட்டுக்காக இக்காலம் மேலும் ஆறு மாதங்கள் நீட்டிக்கப்பட்டது. 2018 செப்டம்பரில் அவை இந்தியாவுக்குத் திரும்பின.

2021 ஆம் ஆண்டு சூலை மாதம், இந்திய வெளியுறவுத்துறை அமைச்சர் சு. ஜெய்சங்கர் தம் ஜார்ஜியப் பயணத்தின்போது எச்சத்தின் ஒரு பகுதியைத் தலைநகர் திபிலீசியில் அந்நாட்டிடம் நிலையாக ஒப்படைத்தார். உறவின் அடையாளமான அன்பளிப்பாக இது வழங்கப்பட்டது. சீராசில் அரசி இறந்து 397 ஆண்டுகளும், கோவாவுக்கு அவர் கை வந்து 394 ஆண்டுகளும் கடந்த பின்னர், அதன் ஒரு பகுதி தாயகம் சென்றடைந்தது.

இலக்கியத்திலும் கலையிலும்

கெத்தேவானின் மகன் தெய்முராசு ஒரு கவிஞரும் ஆவார். தாயின் இறப்பைப் பற்றி அவர் இயற்றிய நெடும்பாடல் ஜார்ஜிய இலக்கியத்தில் குறிப்பிடத்தக்க இடம் பெற்றுள்ளது. செருமானிய நாடக ஆசிரியர் அந்திரேயாசு கிரீபியசு, இவ்வரசியைத் தலைவியாகக் கொண்டு இயற்றிய துன்பியல் நாடகம் 1657 இல் வெளியானது. போர்த்துகலின் லிசுபன் நகரிலுள்ள அருள் அன்னை மடத்தின் நீலநிற ஓட்டுச் சித்திரங்களிலும் அரசியின் இறப்பு தீட்டப்பட்டுள்ளது.

இவற்றையும் பார்க்க

* இழைமணி டி.என்.ஏ
* பழைய கோவா
* ஜார்ஜியாவின் வரலாறு
* ரூப்குண்டம்
* ஆதிச்சநல்லூர்
* கொந்தகை
* பெருங்கற்காலப் பண்பாடு